பெட்டித் துறையில் பிடித்த கயிறு

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். புதுமடத்திலிருந்து கடலோரமாகப் போகும் மணல் ரோடு. இருபக்கமும் உடைமரம்... ஆள் அரவமே இல்லை. இரண்டு பேர் நடக்கிறார்கள். முன்னால் சங்கு குளிக்கும் மீரா சாகிபு. பின்னால் கயிற்றுச் சுருளோடு அவர் மனைவியின் அண்ணன் சதக்கத்துல்லா. என் கூட்டாளி ஹமீது சுல்தானுக்குப் பெரிய வாப்பா இந்தச் சதக்கத்துல்லா. முத்தழகு, கதை முடியும்வரை விளக்கைத் தூண்டாதே. இருக்கிற வெளிச்சம் போதும்.

வருஷம் ஐம்பத்தொன்று. யுத்தத்தின்போது பட்டாளத்துக்குச் சாமான் இறக்க அங்கே ஓர் அவசரத் துறைமுகம் கட்டினார்கள். வீட்டளவு சிமெண்ட் பெட்டிகளை மிதக்கவிட்டு இழுத்துவந்து, வரிசையாக மூழ்கடித்து, மேலே இரும்புப் பலகை போட்டார்கள். கப்பல் வருமுன்பே யுத்தம் முடிந்துவிட்டது. பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலிகளை எடுக்கத்தான் இவர்கள் போனார்கள்.

குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் மேலே பிடிப்பான். அதுதான் அவர்கள் முறை. எந்த அண்ணனும் தங்கச்சியை விதவையாக்க மாட்டான் அல்லவா? கயிறு சுண்டினால் தூக்க வேண்டும். ஆள் வரும்வரை கையை எடுக்கக் கூடாது.

"சங்கிலிய மாட்டிட்டு வாரேன் மச்சான்," என்று மீரா சாகிபு பெட்டியின் ஓட்டை வழியே இறங்கினார். உள்ளே கறுப்புத் தண்ணீர். துரு வாடை, பழைய மண்ணெண்ணெய் வாடை.

கயிறு சுண்டியது. சதக்கத்துல்லா இழுத்தார். வரவில்லை. தளர்த்தினார். மறுபடி சுண்டியது... கைக்குழந்தை முந்தானையை இழுப்பது போல, மெதுவாக.

ஒரு மனிதன் மூச்சடக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. சங்கிலி சுமக்க நேரே துறைக்கு வந்திருந்த கூலியாள் மூக்கையா ஊருக்குள் ஆள் கூப்பிட ஓடினான். வெயில் ஏறியது. சதக்கத்துல்லாவின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. கயிறு மட்டும் சுண்டிக்கொண்டே இருந்தது.

மூக்கையா தனியாகத் திரும்பி வந்தான். பக்கத்தில் வரவில்லை. பலகையின் அந்தக் கோடியிலேயே நின்றான்.

"யோவ்... உம்ம மச்சான் வீட்டுல உக்காந்திருக்காரு. உம்ம தங்கச்சி கஞ்சி ஊத்துது. என் கண்ணால பாத்தேன். நீரு யாருக்குய்யா கயிறு பிடிக்கிறீரு?"

கயிறு சுண்டியது.

பாக்கர், நீயாக இருந்தால் அப்போதே விழுந்தடித்து ஓடியிருப்பாய். சதக்கத்துல்லா நின்றார். மூக்கையாவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். தங்கச்சி புருஷன் வீட்டில் இருக்கிறான் என்றால் சரி... கையை விரித்தார். கயிறு விழவில்லை. யாரோ உள்ளிருந்து சுருட்டுவது போல நிதானமாகப் போயிற்று. அப்புறம் பெட்டிச் சுவரில் டொக்... டொக்... அதுவும் நின்றது.

வீட்டில் மீரா சாகிபு இருக்கத்தான் செய்தார். ஈரக் கைலி. முன்னால் தொடாத கஞ்சி. பேச்சு இல்லை. பயத்தில் வாயடைத்துப்போச்சு என்றார்கள். தங்கச்சி விதவையாகாமல் பிழைத்தாளே, அதுவே போதும் என்று சதக்கத்துல்லாவும் இருந்துவிட்டார்.

சில நாள் கழித்து தங்கச்சி சுலைகா, அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சந்தைக்குப் போய்வந்த சேதி போலச் சொன்னாள்.

"காக்கா, ராத்திரி அவுக நெஞ்சுல காது வச்சுப் பாத்தேன். அன்னைக்குக் கடல்ல அடக்குன மூச்சு... அவுக இன்னும் விடல."