பொத்தான், வாத்து, ஏணி

தேர்வு நடக்கும் அறையின் அமைதி எனக்குப் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது பிடிக்காது. எனக்கு அந்த நேரத்தில்தான் மனம் ஓய்வாக இருக்கும். விசைகளைத் தட்டும் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம், வெளியே புல்வெட்டும் இயந்திரம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விசாரணைக்காக எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். முயல்கிறேன். நான் எதையாவது சரியாகத்தான் பார்த்தேனா என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கல்லூரியில் நான் விளையாட்டு வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் உதவியாளன். கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவேன், ஐஸ் கட்டுவேன். ஜூலைக் கடைசியில், ஃபுட்பால் முகாம் தொடங்குவதற்கு முன், பையன்களைக் கணினி அறைக்கு அழைத்துப்போய்த் தலைத் தேர்வு வைப்பதும் என் வேலைதான். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற ஆட்டம் இது. அதனால் தலை நன்றாக இருக்கும்போதே அது எப்படி வேலை செய்கிறது என்று அளந்து வைத்துக்கொள்கிறோம். திரையில் சில சொற்கள் வந்து போகும். எவையெல்லாம் வந்தன என்று பிறகு சொல்ல வேண்டும். நிறம் மாறியதும் விசையை அழுத்த வேண்டும். முடிவில் ஒரு மதிப்பெண் வரும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே தேர்வு. மதிப்பெண் இறங்கியிருந்தால், அது பழைய இடத்துக்கு ஏறும்வரை பையன் வெளியே உட்கார வேண்டும்.

பையன்கள் விவரமானவர்கள். முதல் தேர்வையே மந்தமாக எழுதிவிட்டால் பிறகு இறங்க இடம் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சொதப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இயந்திரம் கண்டுபிடித்து, திரும்ப எழுதச் சொல்லும். மந்தமாக எழுதுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

மைக்கா பாட்டிஸ்ட் அந்த ரகம் இல்லை. அவன்தான் எங்கள் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். லூசியானாவிலிருந்து வந்தவன். போன ஜூலைக்கு முந்தின ஜூலையில் அவன் வாங்கிய மதிப்பெண் எங்கள் அணியில் யாரும் வாங்காதது. அதுதான் சிக்கலாகிப் போனது. அந்த வருஷம் முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தோம். பிறகு அவனுக்குத் தலையில் ஓர் அடி. அவ்வளவு உயரத்தில் இருந்த மதிப்பெண்ணுக்கு அவன் திரும்பி ஏற வெகுநாள் ஆனது. அதற்குள் சீசனே முடிந்துவிட்டது. மற்ற எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம்.

ஆறு ஜெயித்திருந்தால் டிசம்பரில், நன்றாக ஆடிய அணிகளை மட்டும் அழைக்கும் ஒரு கௌரவ ஆட்டம் கிடைத்திருக்கும். ஐந்துக்கு ஒன்றும் கிடையாது. வானொலி நிகழ்ச்சிக்குத் தினமும் யாராவது ஒருவர் கூப்பிட்டு, எங்கள் தலைமைக் கோச் டக்கெட்டை எப்போது வேலையைவிட்டு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலையில் அவர் வீட்டு முன்புறப் புல்வெளியில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தோற்கும் கோச்சுக்கு எங்கள் பக்கத்தில் செய்கிற மரியாதை அது. அன்று அவருடைய முழங்காலுக்குப் பட்டை கொண்டுபோயிருந்தேன். அவர் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டார்லீன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“வெலையே போடல பாத்தியா, நோலன்? அவ்ளோ கேவலமாவா இருக்கு வீடு?”

“நல்ல வீடு கோச்.”

“டார்லீன் எந்திரிக்கறதுக்குள்ள இத உன் வண்டில போட்டுரு. அவ ஏற்கனவே பாதி சாமான அட்டப்பெட்டில கட்டி வெச்சிருக்கா.”

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பலகைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இன்னும் என் வண்டியின் பின்னால்தான் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் மாலை வகுப்புக்குப் போக அவர்தான் அனுமதி கொடுத்தார். வேறு எந்தக் கோச்சும் கொடுத்திருக்கமாட்டார். அவர் போனால் அவருக்குக் கீழே இருக்கும் எல்லோரும் போக வேண்டும். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன்.

மே மாதத்தில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“பாட்டிஸ்ட்டுக்குத் தலைத் தேர்வு எப்ப?”

“ஜூலைக் கடைசில, கோச்.”

“போன தடவ ரொம்ப நல்லா எழுதிட்டான் இல்ல?”

“ஆமா கோச். டீம்லயே அவன்தான் முதல்.”

“ம். அவ்ளோ நல்லா எழுதுன்னு எவன் கேட்டான்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் எதையும் கேட்கவில்லை.

மாலை வகுப்பில் எனக்குப் புள்ளியியல் பாடம். ஓர் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் அர்த்தம் என்று ஆசிரியை அந்த வாரம் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோதுமை வெட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். இரண்டு பக்கமும் வயல்.

ஜூனில் மைக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் என்னைப் ‘புரொபசர்’ என்றுதான் கூப்பிடுவான். இருபத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அந்தக் கிண்டல்.

“நில்லு, நில்லு. ஃபெயில் ஆகறதுக்கு ட்யூஷனா?”

“ஃபெயில் இல்ல. ஃபெயிலானா மெஷின் புடிச்சிரும். சுமாரா எழுதணும்.”

“சுமாரா எழுதக் கத்துக்கணும்னா உங்கிட்ட வர்றதுதான் சரி, புரொபசர்.” பிறகு கொஞ்சம் யோசித்தான். “எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன உயிரோட விடமாட்டாங்க. சின்ன வயசுல என்னைய ஊர் ஊரா ஸ்பெல்லிங் போட்டிக்கு இழுத்துட்டுப் போனவங்க.”

“வேணாம்னா விட்டுரு.”

“போன வருஷம் கோட் போட்டுட்டு ஓரமா நின்னேன் பாரு, ஒரு பய என் மூஞ்சியப் பாக்கல. இன்னொரு தடவ நிக்கமாட்டேன். சொல்லு, எத மறக்கணும்?”

எந்தச் சொற்பட்டியல் வரவேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பது நான்தான். அதனால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பொத்தான், வாத்து, ஏணி. இந்த மூன்றும் திரையில் வந்ததாகவே நினைவில்லாததுபோல் விட்டுவிட வேண்டும். நிறம் மாறினால் உடனே அழுத்தாமல் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அழுத்த வேண்டும். அவனுக்கு முதலில் வரவில்லை. கை தானாகப் போய் அழுத்திவிடும். தெரிந்ததைத் தெரியாததுபோல் விடுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நான் யாருக்காவது எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு வழியில் பார்க்கும்போதெல்லாம், “வாத்தா? அப்படின்னா என்ன புரொபசர்?” என்பான்.

ஜூலையில் மிகச் சரியாக எழுதினான். சராசரிக்குச் சற்றுக் கீழே. இயந்திரம் எதுவும் சொல்லவில்லை. அவன் எழுந்து போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்டோபரில் அடிபட்டது. அதற்குள் நான்கு ஆட்டங்கள் ஜெயித்திருந்தோம். மைக்கா கீழே விழுந்து, எழுந்து, எதிரணி நின்ற பக்கமாக நான்கைந்து அடி நடந்து, பிறகு திரும்பி வந்தான். திங்கட்கிழமை தேர்வு வைத்தேன். அதே பட்டியல். இந்தத் தடவை நன்றாகவே எழுது என்று சொன்னேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான். முயன்றான் என்பது எனக்குத் தெரிந்தது. வாத்து வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. நான் விட்டுவிடச் சொல்லாத வேறொரு சொல்லும் வரவில்லை. விசையைத் தாமதமாக அழுத்தினான். மூச்சு இழுத்துவிட்டு அழுத்தவில்லை. சும்மாவே தாமதமாக அழுத்தினான்.

மதிப்பெண், ஜூலையில் வாங்கிய அதே மதிப்பெண்.

எழுந்து நின்று, “தேங்க்ஸ், நோலன்” என்றான். அவன் என்னை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போகும்போது இந்த வாரம் யாரோடு ஆட்டம் என்று கேட்டான். சொன்னேன். கதவருகில் நின்று மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னேன்.

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். நல்ல மனிதர். அன்று அவருக்கு அவசரம்.

“அதே ஸ்கோர்தானே?”

“அதேதான் டாக்டர்.”

“நீ கூடவே இருக்கறவன். வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சா?”

அவர் கேட்டார். கேட்கவில்லை என்று அவர்மேல் யாரும் பழி போடக்கூடாது. நான் பார்த்ததை நான் நம்புவதில்லை, அதுதான் என் சுபாவம். எண் தாளில் இருந்தது. நான் பார்த்தது எங்கே இருந்தது?

“இல்ல டாக்டர்” என்றேன். அவன் ஆடலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் ஜெயித்தோம். ஐந்து. அடுத்த இரண்டிலும் தோற்றோம். மைக்கா தவறான ஆளுக்கு எறிந்தான். வானொலியில் அவனுக்கு அலட்சியம் வந்துவிட்டது என்றார்கள். பயிற்சியில் அவனுடைய காதருகே நின்று அடுத்து ஆட வேண்டிய உத்தி என்ன என்பதை இரண்டு தடவை சொன்னால் புரிந்துகொண்டான். கோச்சிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல ஏற்பாடு செய்தார். இன்னொரு தேர்வு வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வைக்கவில்லை. வைத்திருந்தால் மதிப்பெண் இறங்கியிருக்கலாம்.

நவம்பரில் ஆறாவதை ஜெயித்தோம். அதில் அவனுக்கு விழுந்தது பெரிய அடி இல்லை. ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒருவன் ஓரமாக வந்து இடிக்கிறான், அவ்வளவுதான். மைக்கா எழுந்து, மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தான். முடிந்ததும் வழக்கமான வெற்றிக் கொண்டாட்டமாகப் பையன்கள் ஐஸ் தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிக் கோச் தலையில் கவிழ்த்தார்கள். எல்லோரும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரும்பியபோது மைக்கா பெஞ்சில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் தாடைப்பட்டையைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பொத்தானை அவனால் விடுவிக்க முடியவில்லை. விரல்கள் அதன் பக்கத்திலேயே தடவிக்கொண்டிருந்தன. நான் போய்க் கழற்றிவிட்டேன். அவன் என் தோளில் சாய்ந்தான். என் சட்டையில் வாந்தி எடுத்தான். பிறகு கண் திறக்கவில்லை.

மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கோச் இன்னும் ஈர உடையிலேயே இருந்தார்.

“எண் சரியாத்தான இருந்துச்சு, நோலன்?”

“சரியாத்தான் இருந்துச்சு கோச்.”

“அப்ப நீ ஒண்ணும் தப்புப் பண்ணல.” என் முதுகில் தட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார். நடிப்பு என்று நான் நினைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். டார்லீன் பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை எடுத்து வைத்துவிட்டார். வரும் சீசனில் எட்டு ஜெயிப்போம் என்று வானொலியில் பேசிக்கொள்கிறார்கள். நம்பக்கூடிய கணக்குதான். முன்வரிசையில் பழைய ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். அயோவாவிலிருந்து ஒரு புது குவார்ட்டர்பேக் வந்திருக்கிறான். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவனை ஜூன் முதல் வாரத்திலேயே உட்கார வைத்தேன். மைக்கா அளவுக்குச் சூட்டிகை இல்லை. ரொம்ப மறந்துவிடுகிறான்.

அதற்கு முன், வசந்த கால விடுமுறையில் லூசியானாவுக்குப் போனேன். மைக்காவின் அம்மா, மிஸ் ஓடெட், என்னை உள்ளே விட்டார். சமையலறையில் சிவப்புப் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். உடம்பு பெருத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிக்கிறான் என்றார் அம்மா.

“நீதானப்பா அவனுக்குப் பரீட்ச வெச்ச பையன்?” என்று கேட்டார். “எங்கிட்ட ஒரு பேப்பரக் காட்டறாங்க. போன ஜூலைலயே எம்புள்ள மந்தந்தான்னு அதுல போட்டிருக்கு. ஆறு வயசுல அகராதி படிச்ச பய அவன். அது எப்படி?”

தேர்வன்று சிலருக்குப் பதற்றமாக இருக்கும் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பை அணைக்கப் போனார்.

மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். ஏன் என்று எனக்கே தெளிவில்லை. அவர் சமையலறையில் இருக்கும்போது அதை மைக்காவின் மடியில் வைத்து, பழைய பட்டியலைப் போட்டேன். வீடு அமைதியாக இருந்தது. சொற்கள் வந்து போயின. அவன் கவனமாகப் பார்த்தான். பிறகு, எவையெல்லாம் வந்தன என்று கேட்டேன்.

பொத்தான் சொல்லவில்லை. வாத்து சொல்லவில்லை. ஏணி சொல்லவில்லை. மற்றவற்றையும் சொல்லவில்லைதான். ஆனால் அந்த மூன்றையும் சரியாக விட்டான். வாய்வரைக்கும் வந்து அடக்கிக்கொண்டதுபோல ஒரு சிரிப்புக்கூட இருந்தது.

நான் கற்றுக்கொடுத்ததை அவன் மறக்கவில்லை.