ஸ்பாஞ்சு மெத்தை, உள்ளே காலி

இந்த மேசை தேக்கு இல்லை ஐயா. மரத்தூளை அழுத்தி, மேலே வழவழப்பாகத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. நாக்கால் ஒரு சொடக்குப் போடுவேன். சத்தம் போய்த் திரும்பி வருகிற விதத்தில் எதிரே இருப்பது என்னவென்று தெரிந்துவிடும். கண்ணாடி வெடுக்கென்று பதில் சொல்லும். மரம் கொஞ்சம் யோசிக்கும். ஸ்பாஞ்சு பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தரும்.

பழைய சாமான் கிடங்கில் பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை. அழுத்தும் இயந்திரத்துக்குள் போகிற ஒவ்வொன்றையும் சோதித்து, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

என் மனைவியின் தம்பி அங்கே மேற்பார்வையாளனாக வந்தான். சிபாரிசு செய்ததே நான்தான். வந்த மறுவாரமே, எல்லோர் முன்னாலும், "மாமா, இது பல்லி பண்ற வேலை. ஒருநாள் உங்களைத் தப்பாச் சொல்ல வச்சுக் காட்டுறேன்" என்றான். அன்றிலிருந்து கிடங்கில் எனக்குப் பெயரே பல்லி. நான் கோபப்படவில்லை. சின்னப் பையன் இல்லையே நான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்தேன். இயந்திரத்தின் வாயில் ஒரு மெத்தைச் சுருள். சொடக்குப் போட்டேன். மேலே ஸ்பாஞ்சு. உள்ளே எலும்பு, பெல்ட்டின் இரும்புக் கொக்கி, கொஞ்சம் தொப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் 'காலி' என்றதும் எழுந்து நிற்கலாம் என்று திட்டம். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

"என்ன பல்லி, போட்டுடலாமா?" என்று இயந்திரக்காரர் கேட்டார்.

"ஸ்பாஞ்சு மெத்தை. உள்ள காலி. போடுங்க."

அவன் சிரிக்கத் தொடங்கவும் இயந்திரம் ஓடத் தொடங்கவும் சரியாக இருந்தது. அந்தச் சிரிப்பு என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "உங்க மேல தப்பில்லைங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றாள். முதலாளியும் அதையே சொன்னார். கிடங்கு முழுக்க அதே பேச்சு. பதினாறு நாள் பொறுத்துப் பார்த்தேன் ஐயா. சோறு இறங்கவில்லை.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்கு அடி சறுக்கவில்லை. முதல் சொடக்கிலேயே அவன் என்று தெரியும். தெரிந்துதான் போடச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நகலைக் கிடங்கு வாசலில் ஒட்டச் சொன்னால் போதும். மற்றபடி எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை.