முதல் வாரம் அப்படித்தான் இருக்கும்

வருடக் கணக்கில் திட்டம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். ஜனவரியில் எழுதுவார்கள், பொங்கல் கழிந்ததும் மறந்துவிடுவார்கள். பன்னிரண்டு வாரம் போதும். வாரம் வாரமாக ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட வேண்டும். கொரோனா நேரத்தில் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் கற்றுக்கொண்டது. அப்படித்தான் நாற்பது வயதில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினேன். சர்க்கரையைக் குறைத்தேன். தென்காசியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், கணக்கில் தவறிக்கொண்டிருந்த பதினோரு பிள்ளைகளைத் தேற வைத்தேன். பெர்சிஸ் டீச்சர் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் கணவர் பிரின்ஸுக்குக் குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை. சீசன் மூன்று மாதமும் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பார். குடித்துக்கொண்டே விற்பார். மீதி ஒன்பது மாதம் குடிக்க மட்டும் செய்வார். அடிக்கிறவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன ஆண்டு விழாவில் எனக்கு நல்லாசிரியர் என்று சால்வை போட்டார்கள். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரின்ஸ் எழுந்து நின்று கைதட்டினார். வேட்டி நனைந்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீதான் எதெதையோ எழுதி ஒட்டி முடிச்சுக் காட்டுதியே. என்னையும் ஒரு தாள்ல எழுதுட்டி. ரூம்ல போட்டுப் பூட்டு. நான் கேட்டாலும் தொறக்காத."

மறுநாள் நான் மட்டும் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன்.

"பதினாலு வருசமா தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்மா. உயிருக்கே ஆபத்து. அட்மிட் பண்ணி, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்" என்றார்.

எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டேன்.

"அத எப்படிச் சொல்ல முடியும்? சிலபேர் ரெண்டு மூணு தடவ திரும்பி வருவாங்க."

முடியும் தேதி இல்லாத ஒன்றை இலக்கு என்று சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதைப் பிரின்ஸிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவார், பயந்தால் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தாளை எழுதினேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை காலை, மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அவரை விட்டுப் பூட்டினேன். அங்கேயே கழிவறை உண்டு. சாப்பாட்டை மொட்டைமாடிப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். முதல் நாள் வேதாகமம் வாசித்தார். இரண்டாம் நாள் கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று கத்தினார். பிறகு சத்தம் தணிந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெளிவாகவே சொன்னார்.

"பெர்சிஸு, குடிக்கக் கேக்கலட்டி. எனக்கு என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

இலக்கைக் கைவிட மனம் ஆயிரம் சாக்கு சொல்லும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

பக்கத்து வீட்டு வடிவம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "டீச்சர், அண்ணாச்சி கத்துதாவளே, காதுல விழலியா?"

"பழக்கத்த விடுதாவக்கா. மொத வாரம் அப்படித்தான் இருக்கும்."

"நல்லது டீச்சர். ஒங்களாலதான் முடியும்" என்று உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பள்ளிக்கு எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். மேலே கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுவது போல, ஆனால் நிற்காமல். வலிப்பு என்று தெரியும். சாவி கைப்பையில் இருந்தது. டிபன் பாக்ஸை மூடினேன். சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. இரண்டாம் முறை நின்ற பிறகு ஸ்கூட்டரை எடுத்தேன். அன்று எட்டாம் வகுப்புக்கு விகிதம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திறந்தேன். குனிந்து பார்த்தேன். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக அவரிடம் சாராய வாடை இல்லை.

நேற்று நீங்கள் அந்தத் தாளைக் காட்டினீர்கள். முதல் வாரத்தில் மட்டும்தான் பிரின்ஸ் பெயர் இருக்கிறது. இரண்டாம் வாரம், மாடி அறைக்கு வெள்ளையடிப்பது. மூன்றாம் வாரம், கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுவது. நான்காம் வாரத்திலிருந்து பன்னிரண்டு வரை, அந்த அறையில் டியூஷன். "இதுல உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்று கேட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தேன், மேடம். எழுதும்போது விட்டுப்போயிருக்கும். கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.