நாலு மச்சான்

எனக்குச் சர்க்கரை குறைந்த தேநீர்தான் பிடிக்கும், முதலாளி ஐயா. பரவாயில்லை, இதையே குடிக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றேன். பிறகு, நம் கிடங்கின் ஆள் பட்டியலைக் கணினியில் எழுதிக் கொடுத்த என் மகளிடம் கொஞ்சம் நிரலும் கற்றேன். பத்துப் பேர் பட்டியல். எண் பூஜ்யத்தில் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் வாசல் கதவு திறக்கும், வேலை பிரியும்.

என் மனைவியின் அண்ணன்தான் இங்கே மேஸ்திரி. தினமும் தேநீர் வேளையில் ஒன்றையே சொல்வார்.

"நாலு ஆளு வேலைய நான் ஒருத்தனே செய்வேன் மாப்ள. நீ போயி அ, ஆ படி."

என்னோடு மூட்டை சுமக்கும் நெட்டை, சோடா, மொட்டை, கும்பகர்ணன் நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் கோபப்படவில்லை. மச்சான் வாக்கை நம்பினேன், அவ்வளவுதான்.

"மூணுலேருந்து ஏழுன்னு போட்டா ஆறு வரைக்கும்தான் மாறும்ப்பா. ஏழு அப்படியே இருக்கும்" என்று மகள் சொல்லியிருந்தாள். நால்வரும் இருந்த அந்த நான்கு இடத்திலும் மச்சான் பெயரை வைத்தேன். அசலில் அல்ல. பட்டியலுக்கு 'விளையாட்டு' என்று இன்னொரு பெயர் கொடுத்து, அதில்தான் மாற்றினேன். இன்னொரு பெயர் வைத்தால் இன்னொரு பட்டியல் ஆகிவிடாதாம், அசலும் சேர்ந்தே மாறிவிட்டது. வீட்டில் நான் சின்னவன், இங்கே புலவர். அதற்காக எனக்கு இரண்டு முதுகா இருக்கிறது? யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் நால்வருக்கும் கதவு திறக்கவில்லை. நானூறு மூட்டையோடு லாரி வந்தது. இறக்க நான்கு ஆள் என்றது திரை, நான்கும் மச்சான். சொன்ன வாய் ஆயிற்றே, தூக்கினார். அறுபத்திரண்டாவது மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, மத்த மூணு நானும் எங்கடா?"

பழைய பெயர்களைத் திரும்ப எழுதத்தான் பார்த்தேன். இருபது வருடம் சேர்ந்து சுமந்தோம். நெட்டைக்கு அவன் அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. 'நெட்டை' என்று எழுதினேன். கதவு அவனை ஏற்கவில்லை.

அவர்களையே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். ஒன்பது நாளாகக் கூலியில்லாமல் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். நானும் உள்ளேயிருந்து தினமும் கையசைக்கிறேன். தேநீர் வேளை இப்போது அமைதியாக இருக்கிறது.

எல்லாம் தெரியாமல் நடந்ததுதான், ஐயா. மாற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் இரண்டு முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் எண் என்னுடையது.