கதவைத் திறந்தவளின் பெயர்

— அக்கா, எனக்கு இது சரியாப் படலை. இந்த மஞ்சள் சட்டை டண்டினொங் வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறப்போ போடுறது. இதை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, 'நான் டிவி லைசன்ஸ் ஆபீசர்'னு எப்படிச் சொல்றது?

— வாயாலதான் சொல்லுறது, ஸ்ரீகாந்த். கழுத்தில உன்ர வேலை அட்டையைத் திருப்பிக் கொழுவு. கையில ஒரு ஃபைலைப் பிடி. பெல்லை அடி. மிச்சத்தை நான் பார்க்கிறன்.

— இந்த நாட்டுல டிவி லைசன்ஸே கிடையாதுக்கா. அதை எடுத்து அம்பது வருஷமாச்சு.

— அது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?

— தெரிஞ்சேதான் என்னை மாதிரி உங்க வீட்டுல ரூம் எடுத்திருக்கிற வினுஷாகிட்ட லேப்டாப்புக்கு வேணும், ஃபோனுக்கு வேணும், ஐபேடுக்கு வேணும்னு சொல்லி வச்சிருக்கீங்களா? அந்தப் பொண்ணு அஞ்சு மாசமா பெல் அடிச்சா போதும், எல்லாத்தையும் வாரிட்டுப் போய் அழுக்குத் துணிக் கூடைக்குள்ள போட்டுட்டு வந்துதான் கதவைத் திறக்குது. நேத்து எங்கிட்ட வந்து, 'அண்ணா, ஸ்டூடண்ட்ஸுக்கு லைசன்ஸ்ல ஏதாச்சும் சலுகை இருக்கா'ன்னு கேக்குது.

— நீ என்ன சொன்னனீ?

— இல்லைங்கிற மாதிரி தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

— நல்ல பிள்ளை. லண்டனில பிறந்தவளுக்கு அது புளுகாத் தெரியாது, விளங்குதே? அங்க டிவிப் பெட்டி இல்லாட்டியும், லைவா ஓடுறதை ஃபோனில பார்த்தாலே லைசன்ஸ் வேணும். படிக்கிற பிள்ளை எண்டாலும் விடமாட்டாங்கள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். இஞ்சயும் அப்படித்தான் எண்டு சொன்னன். 'ஓகே அன்ரி' எண்டாள்.

— லைவ் கிளாஸைக் கூட ரூம்ல பாக்க மாட்டேங்குது. கிளேட்டன் குளிர்ல, மழையில, யூனிவர்சிட்டி லைப்ரரி வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வருது. ஒரு டெஸ்ட்ல ஃபெயிலும் ஆயிடுச்சு. அது உங்களுக்கு என்னக்கா பண்ணிச்சு?

— அவள் ஒண்டும் செய்யேல்லை. அவளின்ர தாய் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?

— நிரூபான்னு பேரு. இன்னிக்கு ஃபிளைட்ல வர்றாங்க. அவ்ளோதான் தெரியும்.

— அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். இரு அந்தக் கதிரையில. இருபது வருஷத்துக்கு முதல் நானும் நிரூபாவும் ஈஸ்ட்ஹாமில ஒரு மேல்வீட்டில இருந்து படிச்சனாங்கள். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு டிவி. டிவி அவளின்ர. நான் அதைத் திரும்பியும் பார்க்கிறேல்லை, எனக்குப் படிப்பும் சோதினையும்தான். ஒருநாள் பின்னேரம் அவள் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் குசினியில ரொட்டிக்கு மாக் குழைக்கிறன். பெல் அடிச்சுது. 'போய்ப் பார் யோகா' எண்டாள். மாக் கையோட போய்த் திறந்தன்.

— லைசன்ஸ்காரனா?

— அவனேதான். 'ஆரின்ர டிவி' எண்டு கேட்டான். திரும்பிப் பார்க்கிறன், கதிரையில ஆள் இல்லை. அவள் பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு தண்ணியைத் திறந்துவிட்டிட்டாள். நாடகம் தன்ரபாட்டில ஓடுது. 'உன்ர பெயர் என்ன' எண்டான். சொன்னன். கதவைத் திறந்தவளின்ர பெயரைத்தான் அவங்கள் எழுதுவாங்கள், தம்பி.

— அட விடுங்கக்கா. ஒரு அபராதம் போட்டிருப்பாங்க, கட்டியிருப்பீங்க.

— கோட்டுக்கு வரச்சொல்லி வழக்குக் கடிதம் வந்தது. அண்டைக்குத்தான் என்ர கடைசிச் சோதினை. பயத்தில சோதினையை விட்டிட்டுக் கோட்டுக்குப் போனன். அங்க இருந்தவன் சிரிக்கிறான், 'இதுக்கு ஆளா வந்தனீ, தபாலில பதில் போட்டாப் போதுமே' எண்டு. அது நிரூபாவுக்கு முதலே தெரியும். சொல்லேல்லை. வாயைத் திறந்தால் தன்ர பெயர் வந்திடும் எண்டு பேசாமல் இருந்திட்டாள்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. சோதினை போச்சு, விசா போச்சு. நாட்டில சண்டை நடக்கிற நேரம் கொழும்பில போய் இறங்கினன். ஒரு லொட்ஜில இருந்தன். இரவில பொலிஸ் வந்து கதவைத் தட்டுவாங்கள். திறந்து பெயர் சொல்லோணும், எந்த ஊர் எண்டு சொல்லோணும், ஏன் வந்தனீ எண்டு சொல்லோணும். ஒவ்வொரு முறையும் எனக்கு அவள் திறந்துவிட்ட தண்ணிச் சத்தம்தான் காதில கேக்கும். அவள் அங்க கலியாணம் முடிச்சு, பிள்ளை பெத்து, கார் ஓடித் திரிஞ்சவள்.

— இந்தப் பொண்ணு எப்படிக்கா இங்க வந்து சேந்துது?

— கோயில் வட்ஸ்அப்பில அறை இருக்கெண்டு போட்டனான். வந்து நிண்டு சிரிச்சாள். அது நிரூபாவின்ர சிரிப்பு. அம்மாவின்ர பெயர் என்ன பிள்ளை எண்டன். நிரூபா எண்டாள். அம்மா படிச்சது எங்க எண்டன். ஈஸ்ட்ஹாம் எண்டாள். அண்டைக்கு இரவே லைசன்ஸ் கதையைத் தொடங்கிட்டன்.

— பழி வாங்கணும்னா அந்தம்மாவை வாங்குங்க. பொண்ணை ஏன்?

— அவளைத்தான் வாங்கப் போறன். இந்த அஞ்சு மாசமும் அதுக்கு ஒத்திகை. நிரூபாவுக்கு இது ஆரின்ர வீடெண்டு தெரியாது. வந்து இந்த மேசையில இருந்து சாப்பிடுவாள். நான் குசினிக்குள்ளயே நிப்பன். நீ பெல் அடி. வினுஷா போய்த் திறப்பாள். 'லைசன்ஸ் எங்க, உன்ர பெயர் என்ன' எண்டு சத்தமாக் கேள். பிள்ளை நடுங்கும். அப்ப தாய்க்காரி கதிரையால எழும்பி முன்னுக்கு வாறாளோ, இல்லாட்டிப் பாத்ரூமுக்கு ஓடுறாளோ, அதை நான் என்ர கண்ணால பார்க்கோணும். பார்த்திட்டு, 'என்னைத் தெரியுதோ நிரூபா' எண்டு கேக்கோணும். இருபது வருஷமா இந்த ஒரு கேள்வியை வைச்சுக்கொண்டிருக்கிறன்.

— வாசம் தூக்குதே, என்ன சமைச்சிருக்கீங்க?

— நண்டு.

— நண்டா?

— நண்டு உடைச்சுச் சாப்பிடுற கையோட சட்டெண்டு எழும்ப ஏலாது.

— எந்திரிக்க முடியாத சாப்பாட்டைப் போட்டுட்டு எந்திரிக்கிறாளான்னு பாக்குறது அநியாயம் இல்லையாக்கா?

— அண்டைக்கு என்ர கையிலயும் மா இருந்தது.

— சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இல்லாத ஆபீசர் மாதிரி நான் நடிச்சு, அந்தம்மா போலீஸுக்கு ஃபோன் போட்டா, அங்க யார் பேரை எழுதுவாங்க? உங்க பேரையா? பெல்லை அடிச்சவன் பேரைத்தான். இந்த நாட்டுலயே தங்குறதுக்கு நான் போட்ட பி.ஆர். விண்ணப்பம் இன்னும் உள்ள கிடக்கு. நீங்களும் என்னைத்தானே வாசலுக்கு அனுப்புறீங்க?

— வாய் கூடிப்போச்சு உனக்கு. ஏலாதெண்டால் தூரத்தில, ட்ருகனினாவில போய் அறை தேடு. அங்கயிருந்து பஸ் மாறி மாறி வா வகுப்புக்கு.

— மிரட்டாதீங்கக்கா. எனக்கு...

— ஹாய் அன்ரி. ஸ்ரீ அண்ணா, வீட்டுக்குள்ள ஏன் இந்த ஹை-விஸ் சட்டை?

— வினுஷா. நீ எப்ப வந்தனீ? முன்கதவு திறந்த சத்தம் கேக்கேல்லையே.

— பின்கதவால வந்தனான், அன்ரி. கன நேரம். லைக், நீங்கள் ஈஸ்ட்ஹாம் கதையைத் தொடங்கினதில இருந்து குசினியில நிக்கிறன்.

— எல்லாம் கேட்டனீயோ?

— எல்லாம். லைசன்ஸ் இல்லை எண்டு எனக்குப் போனகிழமையே தெரியும். டியூட்டோரியலில கேட்டன், கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. நேற்று ஸ்ரீ அண்ணாவிட்டக் கேட்டது, அவர் உண்மையைச் சொல்லுறாரோ பார்க்க. அவரும் தலையாட்டினார்.

— மன்னிச்சுக்கம்மா. நான்...

— இட்ஸ் ஃபைன் அண்ணா. உங்களுக்கு ரூம் முக்கியம்.

— சரி, கேட்டனீ. நல்லதாப் போச்சு. இப்ப தெரிஞ்சுதோ உன்ர அம்மா ஆரெண்டு? என்னில கோவிக்க முதல் அவளிட்டப் போய்க் கேள், எனக்கு ஏன் இப்படிச் செய்தனீ எண்டு.

— அன்ரி, சீரியஸா? அம்மாக்கு உங்களைத் தெரியாது.

— என்ன கதைக்கிறாய்?

— வந்த கிழமையே உங்கட போட்டோ அனுப்பினனான். பெயரும் சொன்னனான். 'ஆரிது, வடிவா இருக்கிறா' எண்டா.

— ஈஸ்ட்ஹாம் மேல்வீடு எண்டு கேட்டுப்பார். தெரியாமல் இருக்காது.

— கேட்டனான். 'ஓம், கொஞ்சநாள் ஆரோ ஒரு பிள்ளை என்னோட இருந்தது, பெயர் மறந்துபோச்சு' எண்டா.

— டிவி? கோட்டு? நான் திரும்பிப் போனது?

— ஒண்டுமே இல்லை, அன்ரி. சீரோ. நீங்கள் நண்டு வைச்சாலும், ஸ்ரீ அண்ணா பெல் அடிச்சாலும், அம்மா உங்களைப் பார்த்து 'சாரி, நீங்கள் ஆர்' எண்டுதான் கேப்பா.

— பெயரே மறந்துபோச்சோ?

— ஓம்.

— இருபது வருஷம் ஒருநாள் விடாமல் நான் அவளின்ர பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு படுத்தனான்.

— அக்கா, உக்காருங்க.

— விடு தம்பி. அடுப்பை நிப்பாட்டு. அந்தச் சட்டையைக் கழட்டு. இனி ஒருத்தரும் பெல் அடிக்கத் தேவையில்லை. நான் முகம் கழுவிப்போட்டு வாறன்.

— ...போயிட்டாங்க. பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. அழுறது கேக்கக் கூடாதுன்னு தண்ணியைத் திறந்துவிட்டிருக்காங்க. கேக்குதா, வினுஷா?

— கேக்குது.

— நெசமாவே உங்கம்மாவுக்கு இவங்களை ஞாபகமில்லையா?

— ஸ்ரீ அண்ணா, அம்மாதான் இந்த வீட்டைத் தேடிப் பிடிச்சு என்னை இங்க அனுப்பினவா. 'அந்த அன்ரி என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு, அவ சொல்லுற வேலையெல்லாம் செய்' எண்டு மட்டும் சொன்னா. ஏன் எண்டு நேற்று, தான் பிளேன் ஏற முதல்தான் ஃபோனில சொன்னா. எல்லாம் சொன்னா. ரொட்டி, தண்ணி, எல்லாம். யோகாவின்ர பெயர் சொல்லாமல் தான் ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லையாம். அன்ரியின்ர காலில விழத்தான் வாறா.

— அடிப்பாவி. அப்ப எதுக்கு அப்படிச் சொன்ன? ஓடு, போய்க் கதவைத் தட்டிச் சொல்லு.

— நான் தட்டமாட்டன்.

— அந்தம்மா உள்ள உடைஞ்சு போய்க் கிடக்குது.

— நானும் அஞ்சு மாசம் பெல் அடிக்க அடிக்க நடுங்கினனான், அண்ணா. இவ பழி வாங்க என்னைக் கதவடிக்கு அனுப்பினவா. அம்மா மன்னிப்பு வாங்க என்னைத்தான் முன்னுக்கு அனுப்பினவா. அம்மா அப்பவாவது பயத்தில ஓடினவா. இந்தமுறை நல்லா யோசிச்சுத்தான் என்னை அனுப்பினா.

— உன் ஃபோன் அடிக்குது. அம்மான்னு வருது. எடுத்து நல்லதாச் சொல்லும்மா, வினுஷா. கெஞ்சிக் கேக்குறேன்.

— ஹலோ அம்மா. இறங்கிட்டீங்களோ? ...ஓம், வீட்டிலதான் நிக்கிறன். அது தண்ணிச் சத்தம். ...ஓம், நீங்கள் சொன்ன மாதிரியே, உங்களை மன்னிப்பாவோ எண்டு யோகா அன்ரியிட்டக் கேட்டனான். ...அம்மா, டாக்ஸி பிடிக்காதேங்கோ, இஞ்ச வரவேண்டாம். ...இல்லை, கோபமெல்லாம் இல்லை. அன்ரிக்கு உங்களை ஞாபகமே இல்லையாம்.