ஆறு பேருக்கும் ஒரே சீமைப்பலா

நர்சரி வச்சுக்கிட்டு இதைப் போயி கன்னுங்கிறீங்களே தம்பி, என் முழங்கால் ஒசரம்கூட இல்லியே. எனக்கு நல்லா தடியா, வேர்லேர்ந்து தானா வெடிச்சு வந்த மாதிரி வேணும். ஆமா, சீமப்பலாதான். அந்த மூலையில நிக்கிதே, அதெல்லாம் எடுங்க.

சொல்றேன், கேளுங்க. உங்க வீட்லயும் இருந்திருக்குமே... கொழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்ததும் மண்ணுல பொதச்சு, மேல ஒரு கன்னு வைப்பாங்கல்ல? எங்க தாத்தா அப்படி ஆறு பேரப்புள்ளைங்களுக்கு ஆறு சீமப்பலா வச்சாரு. அம்புட்டுதான், அதுக்கப்புறம் தோட்டமே அதுங்களோட ராஜ்ஜியம். அதுல ஒருத்தி வால்ரி, அவ மரத்துக் காய எவனாவது தொட்டா கடிச்சு வச்சுருவா. தாத்தாகிட்ட அடி வாங்கினா அவனவன் ஓடிப்போயி அவனவன் மரத்தடியில உக்காந்து அழுவான். நானா? நான் கோழிக்கூட்டுப் படியில உக்காந்துக்குவேன்.

அந்த ஆறு பேரும் இப்ப பர்மிங்காம், டொரண்டோன்னு குளுர்ல கெடக்குதுங்க. ஆடு மேச்சது, கழுதைகிட்ட ஒத வாங்கினது, கிழங்குக் கொடிக்குத் தண்ணி சொமந்தது எல்லாமே இப்ப சொர்க்கமாம். தண்ணி சொமந்தது நானு. அதுங்க மரத்துமேல இருந்துச்சுங்க.

தாத்தா செத்த மறுவருசம் அடிச்சுதே ஒரு புயல், அதுல ஒத்த மரம் தவிர மத்த அஞ்சும் வேரோட சாஞ்சிருச்சு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஏன்னா எக்பர்ட் இருக்கானே, எங்க பெரிய மாமா மகன், அவனுக்கு எப்பவும் ஒரே பாட்டுதான்... ஓட்டல்காரன்கிட்ட நெலத்த வித்துரலாம், வித்துரலாம். மத்தவங்க, என் கொடி கெடக்குற மண்ண விக்கறதான்னு அவன் வாய அடைப்பாங்க. மரம் இல்லேன்னா அந்தப் பேச்சு எடுபடுமா? வித்துட்டு அவனவன் வீட்டுக்குப் போயிருவான். நான் எங்க போவேன் தம்பி? இந்த வயசுல எனக்கு அந்த நெலத்துல இருக்குற ரெண்டு ரூமு வீடுதான்.

அதான்... வால்ரி மொதல்ல வந்தா. என் மரம் எங்கடீன்னா. நின்ன ஒத்த மரத்தக் காட்டினேன். கட்டிப்புடிச்சு அழுதா, போட்டோ புடிச்சா. அடுத்த வருசம் லாசெல்ஸ் வந்தான். அதையே காட்டினேன். அவனும் அழுதான். இப்படியே ஒவ்வொண்ணா வந்து, ஒவ்வொண்ணா அழுது... சிரிக்காதீங்க. இதுல கூத்து என்னன்னா, அது நெசமாவே எக்பர்ட் மரம். அவன் ஒருத்தன்தான் அழல. இவ்ளோ சின்னதாவா இருந்துச்சுன்னுட்டு, கொசு அடிச்சுக்கிட்டே காருக்குப் போயிட்டான்.

இப்ப வர்ற சனிக்கெழம ஆறு பேரும் ஒண்ணா வர்றாங்களாம். குடும்பம் ஒண்ணுகூடணுமாம். யாரு கேட்டா? ஆளுக்கொரு போட்டோ, எல்லாத்துலயும் அதே மரம், அதே வளஞ்ச கொம்பு. ஒண்ணா வச்சுப் பாத்தாங்கன்னா என் குட்டு ஒடஞ்சிரும் தம்பி.

சீமப்பலா என்னிக்கு முழுசா செத்துது சொல்லுங்க? மரம் விழுந்தாலும் வேர்லேர்ந்து வெடிக்கும். கண்ணு மங்கிப்போச்சு, எடம் மாத்திக் காட்டிட்டேன், இதோ உங்க பழைய வேர்லேர்ந்து வந்ததுன்னு சொல்லிக்குவேன். பர்மிங்காம்காரங்களுக்கு எது வேரு, எது தொட்டி மண்ணுன்னு தெரியவா போவுது.

எடுத்து வைங்க. வால்ரிக்கு ஒண்ணு, லாசெல்ஸுக்கு ஒண்ணு... அஞ்சு சரியா இருக்கு. அந்தச் சின்னதையும் வைங்க. மொதல்ல வேணான்னேனே, அதத்தான்.

அது யாருக்கா? எனக்குத்தான்... என்னைய எங்கம்மா கிங்ஸ்டன் டவுனு ஆஸ்பத்திரியில பெத்துட்டு, நடக்குற வயசுல இங்க தாத்தாகிட்ட கொண்டாந்து விட்டுட்டுப் போனா. என் கொடி அங்க எந்தக் குப்பையில போச்சோ. கோழிக்கூடு இருந்த எடம் சும்மாதான கெடக்குது, அங்க வச்சுக்கறேன்.

பாத்துட்டுக் கேட்டா என்ன சொல்வேனா? கேக்க மாட்டாங்க தம்பி. அவங்கவங்க மரத்தத்தான் பாப்பாங்க.