தலக்கட்டுல இல்லாதவ

ஆமாக்கா, ஆண்டி பாம்பு கடிச்சு செத்தான்னுதான் ஊரே சொல்லுது. நான் சொல்லல, ஊரு சொல்லுதுன்னேன். கொஞ்சம் இப்படி ஒட்டி உக்காருங்க, பஸ்சு போடுற சத்தத்துல எம்பேச்சு உங்க காதுல வுழல.

எங்க வூட்டு பண்ணையாளுதான் ஆண்டி. நல்ல உழைப்பாளி. எங்க ஊரு பெரியதனக்காரரு சுப்புராயன் இருக்காரே, அவரு மோட்டாரு கொட்டாயில செம்புக் கம்பி காணாம போச்சு. அன்னிக்கு அந்தப் பக்கம் தண்ணி கட்டுனவன் இவன். அவ்வளவுதான். களத்துமேட்டுல தென்ன மரத்துல வெச்சுக் கட்டிட்டாங்க.

நான்தான்க்கா, என் கண்ணாலதான் பாத்தேன். களத்துக்கு சோறு எடுத்துட்டுப் போனேன். நான் வரப்புல வரும்போதே மண்டையில ஒரு அடி வுழுந்தது தெரிஞ்சுது. கிட்டப் போவயில அடிச்சு முடிச்சுட்டு, அந்தாண்ட நெழல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாங்க. இவன் தல தொங்கிக் கெடக்கு. தண்ணின்னான். சேரி ஆளுங்களுக்கு நாங்க கொட்டாங்குச்சியிலதான் ஊத்துவோம். அதுதான் மொறை. அன்னிக்கு கொட்டாங்குச்சிய எங்க போயி தேடறது? சொம்ப அப்படியே அவன் வாயில வெச்சுட்டேன். ரெண்டு மொடக்கு குடிச்சான். அம்மா, நான் எடுக்கலம்மான்னான். அப்பறம் பேச்சே இல்ல.

சொம்பா? அத மறுநாளே பாழுங்கெணத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. மனுசன் செத்தது யாருக்கும் பெருசாத் தெரியல. சொம்பு தீட்டாயிட்டுதுன்னு அன்னிக்கு வூட்டுல பெரிய சண்டை.

அவன் பொண்டாட்டி அஞ்சலை சும்மா இருக்கல. கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு கடலூருக்கே போயி கேசு போட்டுட்டா. ஒடனே ஊரு கூடிச்சு. மாரியம்மன் கோயில் வாசல்ல சூடத்த ஏத்தி, தலக்கட்டுக்கு ஒருத்தரா வந்து அணைச்சு சத்தியம் பண்ணிட்டாங்க. பாம்புதான் கடிச்சுது, வேற ஒண்ணும் நாங்க பாக்கலன்னு. மீறுனா குடும்பமே அழிஞ்சுடும்னு பூசாரி வேற சொல்லிட்டாரு.

நான் பண்ணலக்கா. தலக்கட்டுன்னா ஆம்பளைங்கதான். கோயில் வரிக்கும் அவுங்கதான், சத்தியத்துக்கும் அவுங்கதான். எங்களக் கூப்புடல. பொம்பளைக்கும் கண்ணு இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க! சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

பயம் இல்லாம இருக்குமா? ரொம்ப ஜாஸ்தியாவே இருக்கு. ஊர வுட்டு ஒதுக்கி வெச்சாங்கன்னா கெணத்துல தண்ணி எடுக்க முடியாது, வண்ணான் வாசப்படி மிதிக்க மாட்டான், வயசுக்கு வந்த பொண்ண எவன் கட்டிப்பான்? எல்லாம் தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டு கெடந்தேன். ஆனா சோத்துல கைய வெச்சா ஆண்டி தண்ணி குடிச்ச வாயிதான் தெரியுது. அஞ்சலை எங்க வூட்டு வழியாத்தான் தெனம் போறா. நின்னு ஒரு பார்வ பாத்துட்டுப் போவா. அடிச்சவங்க சாப்புட்டுட்டு தூங்குறாங்க, என்னாலதான் முடியல.

அதான் இன்னிக்கு கெளம்பிட்டேன். கடலூரு மஞ்சக்குப்பத்துல மாதா கோயிலுக்குப் பக்கத்துல ஞானப்பிரகாசம்னு ஒரு வக்கீலு. அஞ்சலை கேச அவருதான் நடத்துறாரு. அவருகிட்ட சொல்லிட்டா போதும், அப்பறம் நடக்கறது நடக்கட்டும்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க வெளியூரு, லால்கான் தெருக்காரங்க, கடலூரு பழைய டவுனுல, ஓ.டி.ல மக வூட்டுக்குப் போறீங்க. எங்க ஊரு கட்டுப்பாடு உங்களக் கட்டாது. அது மட்டும் இல்லக்கா. திரும்பிப் பாக்காதீங்க. துப்பட்டிய சரி பண்ற மாதிரி தலையக் குனிஞ்சுக்குங்க. புவனகிரியில ரெண்டு பேரு ஓடி வந்து ஏறுனாங்களே, எங்க ஊருக்காரங்கதான். ஏறுனது ரெண்டு பேரு. கண்டக்டருகிட்ட ஆலப்பாக்கத்துக்கு மூணு டிக்கெட்டு கேட்டாங்க. நீங்க மக கதைய சொல்லிக்கிட்டு இருந்தீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. அப்பறந்தான் நான் பேச ஆரம்பிச்சேன்.

கூச்சல் போட்டு என்னக்கா ஆவப்போவுது? அதுல ஒருத்தரு என் வூட்டுக்காரரு. புருசன் கூப்புட்டா எறங்கிப் போம்மான்னு இந்த பஸ்சுல இருக்குற அத்தன பேரும் சொல்லுவாங்க. கண்டக்டரு விசிலே ஊதி எறக்கி வுட்டுடுவாரு.

இந்தாங்க, என் டிக்கெட்டு. மஞ்சக்குப்பம் வரைக்கும் இருக்கு. ஓ.டி.ல எறங்காதீங்க, ஒங்கள கும்புட்டுக் கேக்குறேன். வக்கீல் வூடு கண்டுபுடிக்கிறது சுலுவு. எம்பேரு ராசம்மாள்னு சொல்லுங்க. தண்ணி குடுத்தத சொல்லுங்க, அவன் எடுக்கலன்னு சொன்னத சொல்லுங்க.

மண்டையில அடிச்சது யாருன்னு கேப்பாரு. சுப்புராயன் இல்ல, அவரு ஏவிவுட்டாரு. கல்யாணம் ஆனதுலேந்து நான் அந்தப் பேர வாயால சொன்னதில்ல, சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு சொல்லுவாங்க.

சிங்காரம்.

ஆலப்பாக்கம் வந்துட்டுது. எழுந்துட்டாரு.